ஹோம் தியேட்டர் வாங்கப் போறீங்களா? வாப்பாவையும் கூட்டிப் போங்க

போன மாதம் வீட்டுக்கு ஒரு ஹோம் தியேட்டர் செட் எடுத்தோம். அன்றிலிருந்து ஸ்டாஃப் ரூமிலும் கடைத்தெருவிலும் ஒரே கேள்வி: "சேர், எது நல்லது? எத்தனை வோட்ஸ்?" ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வாப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, காது மந்தம். படம் ஓடும்போது நிமிடத்துக்கு ஒருதரம் "என்னவாம்?" என்று கேட்பார். பிள்ளைகள் ஒருதரம் சொல்வார்கள், இரண்டுதரம் சொல்வார்கள், மூன்றாம் தரம் "பொறுங்க மூத்தவாப்பா" என்பார்கள். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். சாப்பிட்ட கையோடு அறைக்குள் போய்ப் படுத்துவிடுவார். டீவியின் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தோம். வெடிச் சத்தமும் மியூசிக்கும்தான் கூடியது, பேச்சு விளங்கவில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. 5.1 ஒலியில் பேச்சின் பெரும்பகுதி 'சென்டர்' என்ற நடு ஸ்பீக்கருக்கென்றே தனியாகப் பதிவாகியிருக்கும். டீவியில் நடு ஸ்பீக்கர் இல்லாததால் எல்லாவற்றையும் இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் அமுக்கிவிடுகிறது. மெல்லிய டீவிகளில் அந்த இரண்டும்கூட கீழ்ப்பக்கம் பார்த்தபடி இருக்கும்.

கட்டாரில் இருக்கும் தம்பி சல்லி அனுப்பினான். அவனுக்கு 7.1 ஆசை, முகட்டில் அட்மோஸ் ஸ்பீக்கரும் வேண்டுமாம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதே சல்லியைப் பத்துப் பெட்டிக்குப் பங்கு வைத்தால் பத்தும் மலிவுப் பெட்டியாகத்தான் வரும். எனவே ஒரு 5.1 ரிசீவர், முன்னுக்கு மூன்று நல்ல ஸ்பீக்கர், ஒரு சிறிய சப்வூஃபர் என்று முடிவெடுத்தோம். பின்பக்கத்து இரண்டையும் பிறகு சேர்க்கலாம். ரிசீவர் அதற்கு இடம் தரும்.

கடையில் முதலில் காட்டியது "3000 வோட்ஸ் பிஎம்பிஓ" என்று எழுதிய பெட்டி. பிஎம்பிஓவுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுமுறை கிடையாது, எந்த இலக்கத்தையும் போடலாம். ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதானால் பின்பக்கத் தகட்டையும் பாருங்கள். நமது கரண்ட் 230 வோல்ட். 110க்கு மட்டும் செய்த சாமானை நேரே சொருகினால் கருகிவிடும்.

அடுத்தது 'எச்டி சவுண்ட்'. டிவிடியில் வரும் டொல்பி டிஜிட்டல் சுருக்கிய ஒலி. புளூ ரே தட்டில் வரும் டொல்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ் எச்டி மாஸ்டர் ஓடியோ இரண்டும் ஸ்டூடியோவில் முடித்த ஒலியை ஒன்றும் குறையாமல் தருபவை. ஆனால் ஒப்டிகல் கேபிளால் அவை போகாது, எச்டிஎம்ஐ வேண்டும். பிளேயரை டீவியில் கொழுவி, டீவியிலிருந்து ரிசீவருக்கு எடுப்பதானால் இரண்டிலும் ஈஆர்க் இருக்க வேண்டும். பிளேயரை நேரே ரிசீவரில் கொழுவினால் அந்தத் தொல்லை இல்லை. நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றில் வருவது டொல்பி டிஜிட்டல் பிளஸ், அதுவும் சுருக்கியதுதான். அதற்குச் சாதாரண ஆர்க் போதும். வீட்டில் புளூ ரே இல்லையென்றால் ஈஆர்க் என்ற பெயருக்காக மேலதிகமாகக் கொடுக்காதீர்கள்.

வாப்பாவையும் கடைக்குக் கூட்டிப் போனோம். பேச்சு அதிகமுள்ள ஒரு காட்சியைப் போடச் சொல்லி, சத்தத்தைக் குறைக்கச் சொன்னோம். கடைத் தம்பிக்குப் புதினம். எல்லோரும் கூட்டச் சொல்வார்களாம். மூன்று சென்டர் ஸ்பீக்கர் மாற்றிப் போட்டார். மூன்றாவதில்தான் வாப்பா, கேட்ட வசனத்தை அப்படியே திருப்பிச் சொன்னார். அதையே எடுத்தோம். மூன்றில் அது விலை கூடியதும் அல்ல.

வீட்டில் சென்டரை டீவிக்கு நேர் கீழே வைத்து, முகத்தைக் காதுப் பக்கம் சற்றுச் சரித்தோம். ரிசீவரில் சென்டரின் அளவை மட்டும் 3 டெசிபல் கூட்டினோம். டைல்ஸ் நிலமும் வெறும் சுவருமாக இருந்த ஹோலில் எதிரொலி பேச்சைக் குழப்பியது. ஒரு கார்பெட்டும் தடித்த திரைச்சீலையும் போட்டதும் அடங்கியது.

ஊரில் வீடுகள் மதிலோடு மதில். சப்வூஃபரின் கனத்த சத்தம் சுவரையும் தாண்டிப் போகும். ஆகவே பக்கத்து வீட்டுச் சுவரையும் மூலையையும் விட்டுத் தள்ளி வைத்தோம். இரவில் ரிசீவரின் 'நைட் மோட்'. அது வெடிச் சத்தத்தை அமத்தி, மெல்லிய பேச்சைத் தூக்கிக் கொடுக்கும். பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டோம், தொந்தரவில்லை என்றார்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எந்த ஸ்பீக்கரும் கேட்டல் கருவிக்கு ஈடாகாது. வாப்பாவைக் காது டொக்டரிடமும் காட்டி வருகிறோம். ஆனாலும் இப்போது மெட்ச் நடந்தால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக உட்காருகிறார். கொமென்டரியில் சொன்னதைப் பேரனுக்கு விளக்குவதும் அவர்தான்.

வாங்கப் போகும் சொந்தங்களே, வோட்ஸை விடுங்கள். உங்கள் வீட்டில் ஆகக் குறைவாகக் கேட்பவர் யார்? அவரைக் கடையின் நடுக் கதிரையில் உட்கார வைத்துவிட்டு விலை பேசுங்கள்.