உடும்புப் பிடி

எழுபதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடினால் சர்க்கரை, மூட்டுவலி, கண்புரை என்று வரிசையாகப் பேசுவோம். நீர்க்கடுப்பைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதிலும் பெண்கள் டாக்டரிடமே பாதிதான் சொல்வார்கள். என் அக்காவுக்கு எண்பது நெருங்குகிறது. இரண்டு வருடத்தில் ஐந்து முறை இந்தத் தொல்லை வந்து போனது. இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது தம்பி, வெட்கப்பட்டுத்தானே இத்தனை பேர் அவதிப்படறாங்க" என்றார். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

ஐந்தாவது முறை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா ஒரு கேள்வி கேட்டார். "ஒரு நாளைக்கு ஆறேழு தடவை போறோம். அந்தக் கிருமி தண்ணியோட அடிச்சிக்கிட்டுப் போக வேண்டியதுதானே? எப்படி உள்ளேயே உட்கார்ந்திருக்கு?"

நான் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன், வைத்தியம் படித்தவன் அல்ல. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பிரெஞ்சு வழியில் படித்ததில் ஒரு வசதி உண்டு. அந்த மொழியில் வரும் அறிவியல் கட்டுரைகளை அகராதி இல்லாமல் படித்துவிடலாம். சில வாரங்கள் அதற்காகவே உட்கார்ந்தேன்.

ஆள் யார் என்பதில் சந்தேகமில்லை. நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஈ. கோலி என்னும் பாக்டீரியா. தியோடோர் எஷெரிக் என்ற மருத்துவர் 1885-இல் விவரித்தது. எங்கள் வாத்தியார் 'கோலிபசீல்' என்பார். நம் எல்லோருடைய குடலிலும் குடியிருப்பதுதான். குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் தொந்தரவில்லை. இடம் மாறி மூத்திரப்பைக்குள் ஏறினால்தான் வில்லங்கம்.

அங்கே ஏறியதும் அதன் முதல் வேலை, எதையாவது பிடித்துக்கொள்வது. பிடி கிடைக்காவிட்டால் அக்கா சொன்னதுபோல் அடித்துக்கொண்டு போய்விடும். அதற்காக அதன் உடம்பின் மேல் நூற்றுக்கணக்கான நுண்ணிய மயிர்கள் உண்டு. 'பிலி' என்று பெயர். லத்தீனில் மயிர் என்று பொருள். பிரெஞ்சில் நாங்கள் 'ப்வால்' என்று படித்த சொல்லும் அதே வேரில் வந்ததுதான். அந்த மயிர் முழுவதும் புரதத்தால் ஆனது. அதன் நுனியில் ஃபிம்ஹெச் என்ற ஒரு புரதம் இருக்கிறது. அதில் ஒரு சின்னக் குழிவு. மேனோஸ் என்ற சர்க்கரை அந்தக் குழிவில் கச்சிதமாகப் பொருந்தும்.

மேனோஸ் எங்கே இருக்கிறது? நம் மூத்திரப்பையின் உள்சுவரில். அந்தச் சுவரின் செல்களைப் போர்த்தியிருக்கும் யூரோபிளாகின் என்ற புரதத்தின் மேல் அந்தச் சர்க்கரை ஒட்டியிருக்கிறது. வீட்டுக்காரன் சுவரில் அடித்து வைத்த ஆணியில் திருடன் கயிறு மாட்டுகிற கதைதான். இந்தக் கிருமி மேனோஸைப் பிடித்துத்தான் நம் செல்களில் ஒட்டுகிறது என்று இஸ்ரேலில் இட்ஸாக் ஓஃபெக், நேதன் ஷரோன் முதலியோர் 1977-இல் எழுதினார்கள்.

என்னை அசர வைத்தது அதற்குப் பிறகு வந்த செய்தி. எதையும் இழுத்தால் பிடி தளரும் என்றுதானே நினைப்போம்? அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் சொகுரென்கோ, வெண்டி தாமஸ் ஆகியோர் தம் குழுவோடு 2002-இல் வெளியிட்ட ஆய்வில் நேர் எதிராக இருந்தது. நீரோட்டத்தின் வேகத்தைக் கூட்டக் கூட்ட இந்தக் கிருமியின் பிடி இறுகுகிறது. ஓட்டம் நின்றால் தளர்கிறது. ஃபிம்ஹெச் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. சும்மா இருக்கும்போது பின்பகுதி முன்பகுதியை நெருங்கி அணைத்திருப்பதால் குழிவு தொளதொளவென்று இருக்கும். இழுபட்டால் இரண்டும் விலகும், குழிவு சர்க்கரையைக் கவ்விக்கொள்ளும். சுருக்கு முடிச்சு போலத்தான். போதாததற்கு அந்த மயிரே சுருள் கம்பி மாதிரி நீண்டு கொடுத்து, இழுப்பின் வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது.

நம் பெரியவர்கள் உடும்புப் பிடி என்று சொல்வார்களே, அதேதான். அக்காவிடம் சொன்னேன். "அப்ப அது நம்மளவிட கெட்டிக்காரி" என்றார்.

உடும்பு இப்படியென்றால் நம் உடம்பும் சும்மா இல்லை. சிறுநீரகம் யூரோமாடுலின் என்ற ஒரு புரதத்தைச் சுரந்து மூத்திரத்தில் கலந்துவிடுகிறது. நியூயார்க்கில் டாம், ஹார்ஸ்ஃபால் என்ற இருவர் 1950-இல் பிரித்தெடுத்தது. நூல் நூலாக மிதக்கும் அந்தப் புரதத்திலும் அதே மேனோஸ் இருக்கிறது. கிருமி சுவரென்று நினைத்து நூலைப் பிடித்துக்கொள்ளும். பிறகென்ன, நூலோடு சேர்ந்து வெளியே போய்விடும். ஆரோக்கியமான மனிதரின் மூத்திரத்தில் மிக அதிகமாக உள்ள புரதம் இதுதானாம். இத்தனை வருடம் இப்படியொரு காவல் நமக்குள் நடந்துகொண்டிருந்தது நமக்கே தெரியாது.

இதைப் பார்த்துத்தான் மேனோஸைப் பொடியாக்கி விற்கிறார்கள். யோசனை நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பிரிட்டனில் அடிக்கடி தொற்று வரும் 598 பெண்களுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024-இல் வெளியானது. மேனோஸ் சாப்பிட்டவர்களில் 51 சதவீதம் பேருக்கும், போலிப் பொடி சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய 56 சதவீதம் பேருக்கும் மறுபடியும் தொல்லை வந்து டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. விலையைக் கேட்டுவிட்டு அக்காவும் வேண்டாம் என்றுவிட்டார்.

தண்ணீர் விஷயம் வேறு. ஓட்டம் இறுக்கும் என்றால் தண்ணீர் குடிப்பது வீண்தானே என்று தோன்றும். அப்படியில்லை. பிடி கிடைக்காமல் மிதப்பவை, நூலில் மாட்டியவை எல்லாம் வெளியேற வேண்டாமா? சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் பாக்டீரியா இது. அடக்கி வைப்பது அதற்குக் கொண்டாட்டம். குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களை வைத்து ஒரு வருடம் நடத்திய ஆய்வு 2018-இல் வந்தது. தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 முறையும், மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. அவர்கள் மாதவிடாய் நிற்காத வயதினர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடத்தைக் கவிழ்க்க வேண்டாம்.

என் அக்கா விழுப்புரம் போவதென்றால்கூடக் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். வழியில் நல்ல கழிப்பறை இருக்காது என்ற பயம். அவர் மட்டுமா? ஒரு தலைமுறைப் பெண்களே அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

இன்னொன்று. கண்புரை ஆபரேஷனுக்கு முன் எடுத்த சோதனையில் அக்காவின் மூத்திரத்தில் கிருமி இருப்பதாக வந்தது. எரிச்சலோ காய்ச்சலோ இல்லை. இளம் டாக்டர் மருந்து எழுத மறுத்துவிட்டார். "தொந்தரவு இல்லைன்னா விட்டுடலாம்மா. சும்மா சும்மா கொடுத்தா, நிஜமா தேவைப்படும்போது மருந்து கேட்காது" என்றார். உறவுக்காரர்களுக்குக் கோபம். எனக்கு அவர் சொன்னது சரியென்று பட்டது. வயதானவர்களுக்கு அறிகுறி இல்லாமல் கிருமி மட்டும் இருந்தால் ஆண்டிபயாடிக் வேண்டாம் என்பதுதான் இன்றைய வழிகாட்டல். அக்காவின் ஐந்தாவது கல்ச்சர் ரிப்போர்ட்டில் கேட்காத மருந்துகளின் பட்டியல் கேட்கும் மருந்துகளைவிட நீளமாக இருந்தது. மருந்து மிச்சம் இருக்க வேண்டுமே என்ற கவலை எங்கள் வீட்டில் வெறும் பேச்சு அல்ல.

ஆனால் குளிர் காய்ச்சலோ, விலாவுக்குக் கீழே முதுகில் வலியோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அங்கே பிடித்துக்கொள்ள வேறு மயிர், வேறு சர்க்கரை என்று தனி ஏற்பாடே வைத்திருக்கிறது.

பிரெஞ்சில் 'ஆன்ஃபெக்சியோன்' என்பதற்கு லத்தீன் வேரில் கறைபடுத்துவது என்று பொருள். தமிழில் நாம் தொற்று என்கிறோம். தொற்றிக்கொள்வது என்றால் பிடித்துக்கொண்டு தொங்குவது. ஃபிம்ஹெச்சைப் பற்றி யாரும் அறியாத காலத்திலேயே நம் சொல் சரியாக இருந்திருக்கிறது.

அக்கா இப்போது பயணத்துக்கும் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறார். வழியில் எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது என்று பார்த்து வைப்பது என் வேலை. உங்களுக்குத் தெரிந்த இடங்கள் இருந்தால் எழுதுங்கள், குறித்து வைத்துக்கொள்கிறேன்.