மலையும் பங்கும்: பதுளையிலிருந்து ஓராண்டுக் குறிப்புகள், 2024

ஜனவரி 15, திங்கள்

தைப்பொங்கல் விடுமுறையாதலால் கொழும்புப் பங்குச் சந்தை இன்று இயங்கவில்லை. விலைப் பலகை அசையாத இத்தகைய நாளே, பங்கு என்ற பொருள் எத்தகையது என்று நிதானமாக ஆராய்வதற்கு ஏற்றது. ஒரு கம்பனியின் உரிமையைப் பல சமகூறுகளாகப் பிரித்தால் வரும் ஒரு கூறே பங்கு. அதை வாங்குபவர் கம்பனிக்குக் கடன் கொடுத்தவர் அல்லர், அதன் இலாபத்திலும் நட்டத்திலும் உடனிருப்பவர். சீட்டுப் பிடித்தும், நகை சேர்த்தும், வங்கியில் நிலையான வைப்பு வைத்தும் பழகிய பதுளைக் குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு முதலில் பிடிபடுவதில்லை. சீட்டில் முறை வந்தால் பணம் கைக்கு வரும், வைப்பில் திகதி வந்தால் வட்டி வரும். பங்கிலோ வரவேண்டிய திகதி என்று ஒன்றுமில்லை. இலாபத்திலிருந்து கம்பனி பிரித்துக் கொடுக்கும் பங்கிலாபமும் பணிப்பாளர் சபை விரும்பினால்தான் வரும்.

ஆயினும் பதுளை அமைந்த ஊவாவுக்கும் பங்கு வியாபாரத்துக்கும் உள்ள தொடர்பு நேற்று ஏற்பட்டதன்று. தேயிலைத் தோட்டங்களுக்கு முதல் திரட்டும் தேவையிலிருந்தே 1896 இல் கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் தோன்றியது. ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையில் 1890 இல் கால் பதித்த தோமஸ் லிப்டன், 1898 இல் தம் கம்பனியின் பங்குகளை இலண்டனில் பொதுமக்களுக்கு விற்றார். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவை இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டு, 1995 முதல் அவற்றின் பங்குகள் விற்கப்பட்டன. கட்டுப்பாட்டைத் தரும் 51 சதவீதம் தனியாருக்குச் சென்றது. 10 சதவீதம் தொழிலாளருக்கு விலையின்றி வழங்கப்பட்டது. நிலம் மட்டும் எவருக்கும் விற்கப்படவில்லை. 1992 இலிருந்து 53 ஆண்டுகளுக்கு, அதாவது 2045 வரை, அது குத்தகைக்கே விடப்பட்டுள்ளது; அரசின் கையில் 'பொற்பங்கு' எனப்படும் தனியொரு பங்கும் இருப்பதால், அதன் இசைவின்றிச் சில முடிவுகளைக் கம்பனி எடுக்க இயலாது. ஆகவே மடூல்சீமை பிளான்டேஷன்ஸ் பங்கொன்றையோ பலாங்கொடை பிளான்டேஷன்ஸ் பங்கொன்றையோ வாங்குபவர் மண்ணை வாங்குவதில்லை, மண்ணில் 2045 வரை பயிர் செய்யும் உரிமையின் ஒரு துளியையே வாங்குகிறார். பலாங்கொடை என்ற பெயர் சப்ரகமுவையைச் சுட்டினாலும் அக்கம்பனியின் தோட்டங்களில் ஒரு பகுதி பதுளையைச் சூழ்ந்தே கிடக்கிறது. பெயரை வைத்துப் பங்கை எடைபோட முடியாது என்பதற்கு அதுவே முதற் பாடம்.

பெப்ரவரி 18, ஞாயிறு

டிசம்பரில் முடிந்த காலாண்டுக்கான இடைக்கால அறிக்கைகள் வந்து சேரும் பருவம் இது. பட்டியலிடப்பட்ட கம்பனி, காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் தன் கணக்கை வெளியிட வேண்டுமென்பது பங்குச் சந்தையின் பொது விதி. பெரும்பாலான சிறு முதலீட்டாளர் அதில் ஒரேயோர் எண்ணைத்தான் தேடுகின்றனர்: பங்கொன்றுக்கான உழைப்பு, அதாவது வரிக்குப் பிந்திய இலாபத்தைப் பங்குகளின் தொகையால் வகுத்தால் வருவது. சந்தை விலையை அவ்வுழைப்பால் வகுத்தால் விலை உழைப்பு விகிதம் கிடைக்கும். விகிதம் 4 எனின், இதே இலாபம் தொடருமானால் நான்கே ஆண்டுகளில் போட்ட முதலுக்கு ஈடான இலாபத்தைக் கம்பனி ஈட்டிவிடும் என்பது பொருள். 'தொடருமானால்' என்ற சொல்லில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

பெருந்தோட்டக் கம்பனியின் இலாபத்தில் தேயிலையே விற்காமல் தோன்றும் இலாபமும் உண்டு. விவசாயத்துக்குரிய கணக்கீட்டு நியமம், வெட்டி விற்பதற்கென வளரும் மரங்களை ஒவ்வோர் ஆண்டிறுதியிலும் சந்தைப் பெறுமதிக்கு மதிப்பிட்டு, அதன் ஏற்றத்தை இலாபநட்டக் கணக்கிலேயே காட்டச் சொல்கிறது. தோட்டத்து எல்லையில் நிற்கும் யூகலிப்டஸ் மரம் ஓராண்டில் ஒரு சுற்றுப் பருத்தால் அந்தப் பருமனும் இலாபமாகிவிடும், மரமோ நின்ற இடத்திலேயே நிற்கும், காசு ஒரு சதமும் வராது. ஆதலால் இலாப எண்ணைப் பார்த்தவுடன் காசோட்டக் கூற்றையும் புரட்டி, தொழிற்பாட்டிலிருந்து உண்மையில் கைக்கு வந்த பணம் எவ்வளவென்று ஒப்பிடுவதே முறை. இரண்டும் ஆண்டுக்கணக்கில் விலகியே செல்லுமாயின், அந்த இலாபம் மரத்தில் இருக்கிறதேயன்றிப் பெட்டியில் இல்லை.

மார்ச் 16, சனி

கொழும்பில் இருந்து கணக்கை மட்டும் வாசிக்கும் ஆய்வாளருக்கு இல்லாத ஓர் அனுகூலம் பசறை வீதியில் பேருந்தின் சன்னலோரத்தில் அமர்பவருக்கு உண்டு. ஆனால் எதைப் பார்ப்பது என்று அறியாத கண்ணுக்கு அவ்வனுகூலம் பயன்படாது, சில வேளைகளில் எதிராகவும் முடியும். பச்சைப் போர்வையாகத் தெரியும் மலை செழிப்பானது என்றும், தேயிலை பிடுங்கப்பட்டுப் புல் வளர்ந்து நிற்கும் மலை கைவிடப்பட்டது என்றும் வழிப்போக்கர் கொள்வர். பச்சையாகத் தெரியும் மலையில் செடிகளுக்கிடையே விழுந்த வெற்றிடங்களைக் கொடியும் மானாப்புல்லும் மூடியிருக்கலாம்; அங்கே ஏக்கருக்கான விளைச்சல் ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டிருக்கும். மறுபுறம், வரிசை வரிசையாக ஆளுயரத்துக்கு நிற்கும் கௌத்தமாலாப் புல் கைவிடப்பட்டதன் அடையாளமன்று. முதிர்ந்த தேயிலையைப் பிடுங்கிய பின் மண்ணைத் தேற்றுவதற்காக ஏறத்தாழ ஒன்றரை இரண்டு ஆண்டுகள் அப்புல்லை நட்டு வைத்து, பிறகு அதை வெட்டிவிட்டுப் புதுக் கன்றுகளை நடுவதே மறுநடுகையின் ஒழுங்கு. கன்று கொழுந்து தருவதற்கு மேலும் சில ஆண்டுகள் செல்லும். அதுவரை செலவிட்ட பணம் ஐந்தொகையில் 'முதிராத பயிர்' என்ற தலைப்பின் கீழ்க் கிடக்கும். அத்தலைப்பின் எண் வளர்கிறதா, வெறுமையாகக் கிடக்கிறதா என்று பார்த்து, மலையில் கண்ட புல்லோடு அதை ஒப்பிடக்கூடியவர், விலைப் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பவரைவிட ஒரு படி மேலே நிற்கிறார்.

மே 2, வியாழன்

நேற்று கொட்டகலையில் நடந்த மேதினக் கூட்டத்தில், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று ஜனாதிபதி அறிவித்தார். வர்த்தமானியில் அது 1,350 ரூபாய் அடிப்படையாகவும் 350 ரூபாய் உற்பத்தித் திறன் கொடுப்பனவாகவும் பிரிந்து நிற்கிறது. 2021 மார்ச் முதல் நடைமுறையில் இருந்தது 1,000 ரூபாய். இவ்வேற்றம் பங்குதாரரின் கணக்கில் எங்கெல்லாம் சென்று படிகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்க வேண்டும்.

ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாட்கூலிக்கு, 20 கிலோ கொழுந்து என்று வைத்துக்கொண்டால், நூறு கிலோ பச்சைக் கொழுந்தில் ஏறத்தாழ 21.5 கிலோ தூள் தேறும் என்ற வழக்கப்படி, ஒரு நாள் உழைப்பு 4.3 கிலோ தேயிலையாகிறது. சம்பளத்தோடு ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் தொழில்தருநர் செலுத்த வேண்டும். அவ்வாறாயின் 1,000 ரூபாய்ச் சம்பளத்தில் கிலோவொன்றுக்குப் பறிகூலி மட்டும் சுமார் 267 ரூபாய், கொடுப்பனவைச் சேர்க்காமல் 1,350 ரூபாயில் சுமார் 361 ரூபாய். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எரியும் விறகும் மின்சாரமும், உரமும், கவாத்தும், உத்தியோகத்தர் சம்பளமும் இதற்கு மேல்.

அதைவிட மறைவான தாக்கம் பணிக்கொடையில் உள்ளது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்கூலித் தொழிலாளி ஓய்வு பெறும்போது, சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட்சம்பளம் கொடுக்கப்பட வேண்டும்; அந்நாட்சம்பளமோ கடைசியாகப் பெற்ற விகிதத்தில் கணக்கிடப்படுவது. முப்பது ஆண்டு மலையில் நின்ற ஒருவருக்கு 420 நாட்சம்பளம்: பழைய விகிதத்தில் 4,20,000 ரூபாய், 1,350 இல் 5,67,000 ரூபாய். வர்த்தமானி ஒன்று வெளிவந்த நாளிலேயே, கடந்துபோன முப்பது ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒருவருக்கு 1,47,000 ரூபாய் கடன் ஏறிவிடுகிறது. ஆயிரக்கணக்கான தொழிலாளரைக் கொண்ட கம்பனியின் ஐந்தொகையில் இது எவ்வளவு பாரம் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, 'ஓய்வுகாலப் பயன் கடப்பாடு' என்ற வரியில் அச்சாகவே வரும்.

தொழிலாளிக்கு உரியது அவருக்குச் சேர்வதில் முறையிட ஒன்றுமில்லை. லயத்தில் பிறந்து படித்து உத்தியோகத்துக்குச் சென்ற மகன் அதே கம்பனியின் பங்கை வாங்கினால், தாயின் கூலியும் மகனின் பங்கிலாபமும் ஒரே கிலோவிலிருந்து பிரிக்கப்படுகின்றன என்பது மட்டும் அவன் அறிந்திருக்க வேண்டிய உண்மை. தாயின் சேமலாப நிதியும் மத்திய வங்கியின் முகாமையில் பங்குச் சந்தையிலும் ஓரளவு இடப்படுவதால், அவரும் தாம் அறியாமலே ஒரு முதலீட்டாளர்தான்.

ஜூலை 9, செவ்வாய்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. ஜூலை முதல் செப்டம்பர் வரை இவ்வறண்ட காற்று நமுனுகுலைச் சரிவுகளில் வீசும்போது கொழுந்து குறைந்து மணம் கூடும். ஊவாத் தேயிலைக்கு உலகில் பெயர் வாங்கித் தந்த பருவம் இதுவே. செவ்வாய், புதன் கிழமைகளில் நடக்கும் கொழும்பு ஏலத்தின் விலைகளை இப்பருவத்தில் பதுளையில் பலரும் கேட்டறிவர். ஏல விலை ஏறினால் உடனே பங்கை வாங்கலாமா என்ற கேள்வி இங்கே எழும். அதற்கு 2022 ஆம் ஆண்டைவிடத் தெளிவான விடை வேறில்லை.

2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதன் விளைவாக 2022 இல் நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது; முந்திய ஆண்டில் அது 30 கோடியை ஒட்டி இருந்தது. விளைச்சல் குறைந்தால் இலாபமும் குறைய வேண்டும். ஆனால் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ஐ எட்டியதால், டொலரில் விற்கும் தேயிலையின் ரூபாய் விலை ஏறத்தாழ இருமடங்காயிற்று. கூலி பழைய ரூபாயிலேயே நின்றது. பெருந்தோட்டக் கம்பனிகளின் இலாபம் எகிறியது, விலை உழைப்பு விகிதமோ மிகத் தாழ்வாகத் தெரிந்தது. மலிவென்று எண்ணி அப்போது வாங்கியவர், முகாமைத் திறனால் வந்த இலாபத்தையன்றி ரூபாயின் வீழ்ச்சியால் ஒருமுறை வந்த இலாபத்தையே நான்கு ஆண்டுகளுக்கு நீட்டிக் கணக்கிட்டவராவார். விலை ஏறி இறங்கும் விளைபொருளை நம்பிய கம்பனியின் பங்கு, இலாபத்தின் உச்சியில்தான் மிக மலிவாகத் தோற்றமளிக்கும். அதே ஆண்டு ஏப்ரலில், வெளிநாட்டுக் கடன் தவணைகள் நிறுத்தப்பட்டதை அடுத்து, 18 ஆம் திகதி முதல் ஒரு வாரம் சந்தையே மூடிக்கிடந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பங்கு வைத்திருந்தும் விற்க இடமில்லாத வாரம் அது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கிய பணம் பங்கில் இருக்கலாகாது என்று சொல்வது இதனாலேயே.

வாங்கி விற்பதற்கும் விலை உண்டு. தரகர் கூலி, சந்தைக் கட்டணம், அரசின் தீர்வை எல்லாம் சேர்ந்து ஒருவழிக்கு 1.12 சதவீதம், 50,000 ரூபாய்க்கு வாங்கி அதே விலைக்கு விற்றவர் 1,120 ரூபாய் இழந்திருப்பார். பெருந்தோட்டப் பங்குகளில் நாளாந்தக் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் மெலிந்திருப்பதால், வாங்குவோர் கேட்கும் விலைக்கும் விற்போர் சொல்லும் விலைக்கும் இடையிலுள்ள பள்ளம் அதைவிடப் பெரிதாக இருக்கலாம். கைப்பேசியிலேயே மத்திய வைப்புத் திட்டக் கணக்கைத் திறந்து, தேநீர் ஆறுவதற்குள் கட்டளையிட முடிகிற இக்காலத்தில், இச்செலவை மறப்பது எளிது.

செப்டம்பர் 24, செவ்வாய்

மே மாத வர்த்தமானியை நீதிமன்றம் இடைநிறுத்தியதன் பின், சம்பள நிர்ணயச் சபை வழியாக நாட்சம்பளம் 1,350 ரூபாயில் வந்து நின்றது. புதிய ஜனாதிபதி நேற்றுப் பதவியேற்றார். தேர்தலுக்கு முன் அஞ்சி விற்றவர்களின் பங்குகளை எவர் வாங்கினர் என்பது பிறகே தெரியவரும்.

இவ்விடத்தில் பதுளைக்கே உரிய ஒரு கேள்வியைக் குறித்து வைப்பது தகும். பசறையிலோ ஹாலிஎலயிலோ கடை வைத்திருப்பவரின் வருமானம் தோட்டத்துச் சம்பள நாளை நம்பியது. அவர் தம் சேமிப்பையும் பெருந்தோட்டப் பங்கில் இட்டால் என்னவாகும்? சம்பளம் ஏறும்போது கடைக்கு வியாபாரம் கூடும், பங்குக்கு இலாபம் குறையும்; அங்கே ஒன்றை மற்றொன்று ஈடுசெய்கிறது. ஆனால் வறட்சி, உரத் தட்டுப்பாடு, மண்சரிவு ஆகியவை வந்தால் கடையும் பங்கும் ஒரே வேளையில் விழும், பணம் மிகத் தேவைப்படும் வேளையும் அதுவாகவே இருக்கும். இவ்வட்டாரத்துக்கு இது புதிய செய்தியன்று: இலங்கைக் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869 இல் இந்நாட்டில் முதன்முதலில் கண்டறியப்பட்டது இதே மடூல்சீமைப் பகுதியில்தான். கோப்பியையே நம்பியிருந்த துரைமாரும் கடன் கொடுத்தவரும் வண்டிக்காரரும் கடைக்காரரும் பின்னர் சேர்ந்தே சரிந்தனர். ஆகையால் தேயிலையை அருகிருந்து அறிந்தவர் என்ற காரணத்துக்காகவே, பதுளைக்காரர் தேயிலைப் பங்கைச் சிறு அளவோடு நிறுத்தி, எஞ்சியதை வங்கி, துறைமுகம், தொலைத்தொடர்பு என்று தேயிலையின் மழைவெயிலோடு தொடர்பற்ற தொழில்களில் வைப்பது பொருந்தும். தெரிந்த தொழிலில் முதலிடுக என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, ஏற்கனவே அத்தொழிலில் உயிர் வாழ்பவருக்கு அப்படியே பொருந்தாது.

டிசம்பர் 31, செவ்வாய்

அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், அதாவது பட்டியலிலுள்ள எல்லாக் கம்பனிகளின் விலையையும் திரட்டிக் காட்டும் அளவு, ஆண்டை 15,900 ஐத் தாண்டி முடித்தது. ஆண்டின் ஏற்றம் ஏறத்தாழ 50 சதவீதம். 2022 இல் 30 சதவீதத்தை ஒட்டி இருந்த திறைசேரி உண்டியல் வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதால் வைப்பிலிருந்த பணம் பங்கை நாடி வந்தது என்பது இதன் பெரும் காரணம். டொலரோ ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த 324 ரூபாயளவிலிருந்து 293 ஐ ஒட்டி இறங்கியிருக்கிறது. 2022 இல் தேயிலைக் கம்பனிகளை உயர்த்திய அதே நெம்புகோல் இப்போது மறுபுறம் சாய்ந்திருக்கிறது. இவ்வாண்டில் எதை வாங்கியவரும் கெட்டிக்காரராகத் தெரிவார்; பெறுகின்ற பங்கிலாபத்தில் 15 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படுவதை இன்னும் கவனியாதவரும் அவர்களுள் இருப்பர்.

பசறை வீதியில் மார்ச்சில் கண்ட கௌத்தமாலாப் புல் இப்போதும் தழைத்து நிற்கிறது. அது 2025 இன் இறுதியில் வெட்டப்பட்டு, 2026 இன் மழையில் கன்று ஊன்றப்படுமாயின், முதற் கொழுந்து 2029 அல்லது 2030 இல் கைக்கு வரும். முப்பது ஆண்டுக்கு மேல் பலன் தரக்கூடிய அச்செடியை 2045 இல் குத்தகை முடிவதற்குள் கம்பனி பறிக்கக்கூடியது ஏறத்தாழ 15 ஆண்டுகள்.