உயர்தரப் பாடசாலையில் ஆங்கில இலக்கியம்: கற்பதன் நோக்கம் யாது?

எக்காரியத்தையும் தொடங்குவோர் அதனால் எய்தும் பயன் யாதென முன்னர்த் துணிதல் வேண்டும். பயன் அறியாது செய்யும் தொழில், எவ்வளவு உழைப்புடையதாயினும், செக்கைச் சுற்றும் எருதின் நடையையே ஒக்கும். உயர்தரப் பாடசாலைகளில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கப்படும் முறையை மாணாக்கராகவும் ஆசிரியராகவும் பல்லாண்டு கண்ட யாம், இவ்வினாவை நம் கலாசாலை அன்பர் முன் வைக்க விரும்புகின்றோம்.

இப்பாடம் நம் நாட்டில் வேரூன்றிய வரலாறு வியப்புடையது. 1835-ல் அரசாங்கத்தார் ஆங்கிலக் கல்விக்குப் பொருள் செலவிடத் துணிந்தனர். 1857-ல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியது. ஆக்ஸ்போர்டிலோ ஆங்கில இலக்கியத்திற்கெனத் தனிச் சிறப்புப் பட்டப் பரீட்சை 1894-ல்தான் ஏற்பட்டது, கேம்பிரிட்ஜில் 1917-ல். அந்நாளில் நம் முன்னோர் பலர்க்கு ஆங்கிலக் கல்வியின் பயன் உத்தியோகமாகவே இருந்தது. அக்காலம் கழிந்தது; ஆயினும் சுருக்கத்தை உருப்போட்டு ஒப்புவிக்கும் வழக்கம் மட்டும் கழிந்திலது.

யாம் பயின்ற சிற்றூர்ப் பாடசாலையில் வோர்ட்ஸ்வொர்த் புலவர் டாஃபடில் மலர்களைப் பாடிய பாட்டு பாடமாக இருந்தது. உபாத்தியாயர் அதன் சாரத்தைப் பன்னிரண்டு வாக்கியங்களில் எழுதுவித்தார். யாமும் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்தோம். அம்மலர் எவ்வளவு உயரம் வளரும், எப்பருவத்திற் பூக்கும் என்று வினவியவர் எம்முள் ஒருவரும் இலர். இன்றைய மாணாக்கர் கைப்பேசியில் அதன் உருவத்தை நொடிப்பொழுதிற் காண்கின்றனர். எனினும் பாட்டில் பேசுபவர் யார் என்னும் வினாவை எழுப்புவோர் இன்றும் அரியர்.

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், உல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அம்மலர்களைக் கண்டபோது புலவர் தனித்திருக்கவில்லை. அவருடைய தங்கை டாரதி உடன் இருந்தார். அக்காட்சியைத் தம் நாட்குறிப்பில் அழகுற வரைந்தும் வைத்தார். 1807-ல் வெளியான பாட்டிலோ பேசுவோன் தனியனாய்த் திரிகின்றான். தங்கையைப் புலவர் ஏன் விடுத்தார்? தனிமை அப்பாட்டிற்குச் செய்யும் உதவி யாது? இவ்வினாக்கள் எழுந்த அன்றே இலக்கியக் கல்வி தொடங்குகின்றது.

பேசுவோன் வேறு, புலவன் வேறு என்னும் இத்தெளிவே முதல் நோக்கமாதல் வேண்டும். தமிழ் மாணாக்கர்க்கு இது புதிதன்று. அகப்பாட்டைக் கற்கும்பொழுது தலைவி கூற்றோ, தோழி கூற்றோ, யாரை நோக்கிக் கூறியதோ என ஆராய்ந்த பின்னரன்றோ பொருள் கொள்கின்றோம்? தொல்காப்பியர் வகுத்த அவ்வறிவைக் கொண்டு, 1842-ல் பிரௌனிங் வெளியிட்ட, மாண்ட மனைவியின் படத்தைக் காட்டி ஒரு பிரபு பேசும் பாட்டை அணுகினால், அப்பிரபுவின் கொடுமை அவன் வாய்ச்சொல்லாலேயே வெளிப்படுதலை எளிதிற் காண்பர். தமிழ் வகுப்பிற் பெற்ற விளக்கை ஆங்கில வகுப்பின் வாயிலில் அணைத்துவிடுதல் பேதைமையாகும்.

இரண்டாவது நோக்கம், சான்று காட்டித் தன் கருத்தை நிறுவுதல். எமக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி, வெனிஸ் வர்த்தகன் நாடகத்தைப் பற்றிய வினாவிற்கு, கருணையைப் புகழ்ந்து பேசிய போர்ஷியாவின் சபையில் ஷைலக்கு முழுக்கருணை பெற்றிலன் என்று விடை எழுதினாள். அவன் கொடுத்த கடன் மீளாமையையும், உடைமையிற் பாதி அவன் ஆட்சியினின்று நீங்கியதையும், மதம் மாறுமாறு கட்டாயப்படுத்தப்பட்டதையும் எடுத்துக்காட்டினாள். திருத்தியவர் அது கடைத்தெருக் குறிப்புநூலில் இல்லையென்று மதிப்பெண்ணைக் குறைத்தார். அடுத்த பரீட்சையில் அவள் குறிப்புநூலையே ஒப்புவித்தாள். மதிப்பெண்ணும் மிகுதியாகப் பெற்றாள். அப்பெண் மீண்டும் தன் கருத்தென ஒன்றை எழுத யாம் கண்டிலேம்.

அவள் கூற்றிற்கு மறுப்பும் உண்டு. ஷைலக்கு பிறன் உயிரை நாடியவன். சட்டப்படி அவனுயிர் போதற்குரியதாயிருந்தும் மன்னிக்கப்பட்டது. மதமாற்றத்தை அவன் ஆன்மாவிற்குச் செய்த நன்மையென்றே கருதியோர் ஷேக்ஸ்பியர் காலத்து மக்களுள் இருந்திருப்பர். கட்டாயத்தால் வரும் விசுவாசம் விசுவாசமாகுமா என்பது நம்மனோர் சிந்தித்தற்குரியது. இரு கட்சியாரையும் பேசவிட்டு, எந்த அடி உமக்குச் சான்று என்று வினவுதலே ஆசிரியர் கடமை. தீர்ப்பை முன்னரே எழுதி வைத்தல் அன்று.

இங்கிலாந்தில் 2015-ல் தொடங்கிய இடைநிலை இலக்கியப் பாடத்திட்டத்திலும், நூலைப் படித்துணர்ந்து சான்றுடன் மறுமொழி கூறல், மொழியும் அமைப்பும் விளைக்கும் பயனை ஆராய்தல், நூலுக்கும் அது பிறந்த சூழலுக்கும் உள்ள தொடர்பை அறிதல், பிழையறத் தெளிவாக எழுதுதல் என நான்கு நோக்கங்கள் விதிக்கப்பட்டன. இவற்றோடு வாய்விட்டுப் படித்தலையும் யாம் சேர்ப்போம். நாடகமும் பாட்டும் செவிக்கென அமைந்தவை. சார்லஸ் லாம்பும் அவர் தமக்கை மேரியும் 1807-ல் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் கதைகள் இருபதும் இளைஞர்க்கு நல்ல வாயிலே. ஆயினும் வாயிலில் நின்றவன் வீட்டைக் கண்டவனாகான்.

வகுப்பில் அறுபதுபேர், நேரமோ முக்கால் மணி, இவையெல்லாம் நடைபெறுமோ என்பார்க்கு எம் விடை எளியது. வாரம் ஒருமுறை குறிப்புநூலை மூடி வைத்து, ஒரு சிறு பகுதியை மாணாக்கரே உரக்கப் படிக்கட்டும். தாம் உணர்ந்ததை ஐந்து வரிகளில், வேண்டுமாயின் முதலில் தமிழிலேயே, எழுதட்டும். பரீட்சையிலும் முன் கண்டிராத பகுதியொன்று இடம்பெறட்டும். இக்கலாசாலையினின்று ஆசிரியராய்ச் செல்வோர், சான்றோடு மாறுபட்டு எழுதும் மாணாக்கரின் விடைத்தாள் தம் கைக்கு வரும்பொழுது, செம்மைக் கோல் தாழ்த்தி ஒருமுறை நின்று படிப்பாராக. அவ்வொரு கணத்தில் ஓர் இளம் உள்ளம் வாடுதலும் தழைத்தலும் அவர் கையில் இருக்கின்றன.