வாப்பாட சாமான்

இந்த விடுமுறையில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை, வீட்டுக் கராஜில் ஓர் இரும்பு ராக்கை பூட்டியதுதான். தெரிந்த ஆளுக்கு ஒரு மணித்தியால வேலை. எனக்கு லுஹருக்கு முன் தொடங்கியது மஃரிப் வரை போனது.

எங்கட வாப்பா சைக்கிள் திருத்துபவர். சந்தியில் ஒரு வாகை மரத்தடிதான் அவரது கடை. 2004 சுனாமியில் அவரது ஆயுதப் பெட்டி கடலோடு போனது. அதன்பிறகு ஸ்பெனர், பிளையர், பம்ப் என்று ஒவ்வொன்றாகத் திரும்பவும் சேர்த்தார். நான் கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் மாதாமாதம் வந்த காசு அந்த ஸ்பெனர்களில் இருந்து வந்ததுதான். அவர் மௌத்தாகி மூன்று வருடம்.

அம்பாறைக் கரையோரத்தில் எங்கட வழக்கம் பலருக்கும் தெரிந்திருக்கும். வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் மனைவியின் வீட்டுக்குப் போவான். வாப்பாட வீடு தங்கச்சிக்குப் போனது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போன வருடம் தங்கச்சி கோல் எடுத்தாள்.

"காக்கா, ஊட்ட இடிச்சிக் கட்டப் போறம். வாப்பாட சாமான் ஆறு பெட்டி கிடக்கு. என்ன செய்ற? பழைய இரும்புக்காரருக்குக் குடுக்கவா?"

அவள் பிழையாகக் கேட்கவில்லை. இடம் இல்லை, கேட்டாள். நான் ஓட்டோ பிடித்துப் போய் ஆறு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஏற்றும்போது யோசிக்கவில்லை. இறக்கும்போதுதான் யோசனை வந்தது: எங்கே வைப்பது?

பதினொரு வருடமாக நான் இந்த வீட்டில் இருக்கிறேன். மாமா, மாமி இருவரும் எங்களோடுதான். யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் அடிப்பேன். கிரீஸ் ஊறிய ஆறு பெட்டிகளைக் கராஜ் மூலையில், மாமாட நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், படங்கு போட்டு மூடி வைத்தேன். மாமி ஒவ்வொரு நாளும் அதைச் சுற்றித்தான் கூட்டுவார். ஒன்றும் சொல்லமாட்டார். சொல்லாததுதான் எனக்குப் பாரம்.

கடைசியில் மனைவிதான் சொன்னா. "எத்தின நாளைக்குத் தரையில வெச்சிருக்கப் போறீங்க? மாரி வந்தா கராஜுக்குள்ள தண்ணி ஏறும். ஒரு ராக்கை வாங்கிப் போடுங்க."

ஹார்ட்வெயார் கடைத் தம்பி, "சேர், பூட்டித் தர ஆள் அனுப்பட்டா?" என்று கேட்டார். கணித ஆசிரியருக்கு அது ஒரு வேலையா என்று நினைத்து வேண்டாம் என்றுவிட்டேன்.

துளை போட்ட ஆறடிக் கால் நான்கு. தட்டு ஐந்து. ஒரு மூலைக்கு இரண்டு போல்ட் வீதம் மொத்தம் நாற்பது. முதல் தட்டின் முதல் மூலையைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவது மூலை இழுத்துப் பிடித்துத்தான் பொருந்தியது. நான்காவதில் துளை துளையோடு சேரவே இல்லை. கடையில் தந்த தகட்டு ஸ்பெனர் வளைந்துவிட்டது. தட்டின் ஓரம் வெட்டி விரலில் இரத்தம்.

வேறு வழியில்லாமல் வாப்பாட பெட்டி ஒன்றைத் திறந்தேன். வந்த நாளிலிருந்து திறக்காத பெட்டி. மேலேயே 10ஆம் நம்பர் ஸ்பெனர் இருந்தது. அதைக் கையில் எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வளைந்த ரிம் எடுக்கும்போது வாப்பா ஒரு கம்பியை மட்டும் ஒரேயடியாக இறுக்கமாட்டார். கால் சுற்று இங்கே, கால் சுற்று எதிரே. சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பார். திரும்பவும் கால் சுற்று. பக்கத்தில் குந்தியிருந்து எத்தனை நூறு தடவை பார்த்திருப்பேன்.

எல்லாவற்றையும் கழற்றினேன். இந்த முறை நாற்பது போல்ட்டையும் விரலால் மட்டும் பூட்டினேன். பிறகு அளவு நாடாவால் மூலைக்கு மூலை அளந்தேன். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று வருடாவருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். இரண்டும் சமமாக வரும்வரை தட்டிச் சரிபார்த்து, அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவர இறுக்கினேன். ராக்கை ஆடாமல் நின்றது.

அஸர் தொழுதுவிட்டு வந்த மாமா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பி வந்து, தன் நெல் மூட்டைகளை இழுத்து மறுபக்கம் போட்டார். "அந்த மூலை வேணாம் மகன். இந்தச் சுவரோட வைங்க. இதுக்குத்தான் தண்ணி வராது."

"உங்கட மூட்டை இருந்த இடம் மாமா" என்றேன்.

"ஊடு மாமிட" என்று சிரித்தார். "நானும் இஞ்ச மாப்பிள்ளையா வந்தவன்தான். நாப்பத்திரெண்டு வருசம்." கொஞ்ச நேரம் ஸ்பெனரைக் கையில் வைத்துப் பார்த்தார். "எங்கட வாப்பாட மம்பெட்டி ஒண்டு இருந்திச்சி. இஞ்ச கொண்டு வர வெக்கப்பட்டு அங்கயே உட்டுட்டன். பிறகு போய்க் கேக்க, இல்ல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து ராக்கையைச் சுவரோடு தள்ளி, கால்களுக்குக் கீழே பலகைத் துண்டு வைத்தோம். பாரமான பெட்டிகள் கீழ்த் தட்டில். உப்புக்காற்றுக்குத் துரு பிடிக்காமல் ஸ்பெனர்களுக்கு எண்ணெய் பூசி மேலே அடுக்கினேன். மஃரிபுக்கு முன் மாமி விளக்குமாற்றோடு வந்து, ராக்கைக்குக் கீழே கூட்டிவிட்டு, "இப்ப நல்லம்" என்று போனார்.

பூட்டப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: எல்லா மூலையும் சேரும்வரை எதையும் இறுக்காதீர்கள். ராக்கையைச் சுவரோடு இரண்டு ஆணியாவது போட்டுப் பிடியுங்கள், பிள்ளைகள் ஏறுவார்கள்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. உங்கட வாப்பாட சாமான் இன்னும் ராத்தா வீட்டிலோ தங்கச்சி வீட்டிலோ கிடந்தால், இந்தக் கிழமையே போய் எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்கட வீட்டு மருமகன் ஒரு பெட்டியோடு வந்து வாசலில் நின்றால், அவர் கேட்கும் முன் ஒரு சுவரைக் காட்டுங்கள்.