கரிசல் மண்ணும் கத்தரிக்காய்க் குழம்பும்

கோவையிலிருந்து வேலந்தாவளம் போகும் சாலையில் மாநிலம் மாறுவதைக் கண்தான் கவனிக்கிறது. பலகைகளில் எழுத்து வட்டமாகிவிடுகிறது. காதுக்கு எதுவும் மாறுவதில்லை. டீக்கடையிலும் காய்கறிச் சந்தையிலும் அதே கொங்குத் தமிழ். லாரிகளை மறித்து நின்ற விற்பனை வரிச் சாவடியும் 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும் வேலையற்றுப் போனது.

அருகிலுள்ள வடகரப்பதி, பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். கேரளம் என்றதும் மனதில் விரியும் பச்சையை இங்கே தேடினால் ஏமாற்றம்தான். கேரளத்தில் அபூர்வமான கரிசல் மண். மழையும் குறைவு. பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழகம் ஆண்டுதோறும் மணக்கடவில் விட வேண்டியது 7.25 டி.எம்.சி. அந்தத் தண்ணீரைக் கிழக்கே வேலந்தாவளம்வரை கால்வாயில் கொண்டுவர வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. கத்தரிச் செடி அதற்கெல்லாம் காத்திருக்காமல் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிக் காய்க்கிறது.

சந்தையில் ஒரு பலகை என்னை நிறுத்தியது: மலையாளத்தில் 'வழுதனங்ங'. எம்.ஏ. வகுப்பில் 'வழுதுணங்காய்' என்ற சொல்லுக்கு அடிக்குறிப்பு பார்த்துத்தான் பொருள் தெரிந்துகொண்டேன். தமிழர்கள் கத்தரிக்காய்க்கு மாறிவிட்டோம். மலையாளிகள் பழைய சொல்லை இன்னும் கிலோக் கணக்கில் விற்கிறார்கள்!

அன்று சமையல் நண்பரின் அத்தை வீட்டில். காம்போடு இருந்த பிஞ்சுக் காய்களை நான்காகக் கீறி, கறுக்காமலிருக்க உப்புத் தண்ணீரில் போட்டார். கொத்தமல்லி விதை, வரமிளகாய், சீரகம், சின்ன வெங்காயம், தேங்காய் எல்லாவற்றையும் தனித்தனியே வறுத்தார். சேர்த்து வறுத்தால் தேங்காய் சிவப்பதற்குள் சீரகம் கருகிவிடும். அம்மியில் அரைத்த விழுதில் பாதி காய்க்குள், பாதி குழம்புக்கு. எண்ணெய் விஷயத்தில் அவர் எல்லை தாண்டுவதில்லை. தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும், குழம்புக்குக் கடலை எண்ணெய்.

என் வீட்டில் இது எப்போதும் கூழாகிவிடும் என்றேன்.

"அவசரப்பட்டுத் தண்ணி ஊத்தீராதீங்க கண்ணு. தோல் சுருங்கோணும், அப்புறம்தான் புளி" என்றார். காரணம் எளிது. எண்ணெயில் நன்றாக வதங்கிய காய் புளிக்கரைசலில் உடையாது. பச்சையாகத் தண்ணீரில் வெந்தால் குழைந்துவிடும். அரை மணி நேரம் சிறு தீயில் கொதித்து, எண்ணெய் மேலே மிதந்ததும் இறக்கினார்.

செய்முறையை எழுதிக்கொள்ளப் பேனா எடுத்தேன். "பாப்பா எழுதித் தருவா" என்று பேத்தியைக் கூப்பிட்டார். தமிழ் சரளமாகப் பேசும் அந்தப் பெண் எழுதியது மலையாள எழுத்தில். தமிழ் வழிப் பள்ளிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் கல்லூரி, அரசு வேலை என்று கணக்குப் போடும் பெற்றோர் சிலர் பிள்ளைகளை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ சேர்க்கிறார்கள். 2017இல் கேரளம் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. பாட்டி படிப்பதோ தமிழ் மட்டும். தன் சமையலே தனக்குப் புரியாத எழுத்தில் இருப்பதைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படி, கேக்கறேன்."

"வழுதனங்ங, அரைக் கிலோ..."

"அதென்ன வழுதனங்கா? கத்திரிக்கான்னு எழுது."

பேத்தி அடித்துவிட்டுத் திருத்தினாள். பாட்டி துரத்தியது நம் பழந்தமிழ்ச் சொல்லைத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள்.