பத்தில் ஒரு பங்கு

எழுபது வயதைத் தாண்டிவிட்டேன். பின்னேரங்களில் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தால், திருகோணமலைப் பாலையூற்றில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் பந்தடிப்பது தெரியும். முச்சக்கரவண்டி வந்தால் மதிலோடு ஒட்டி நிற்பார்கள். அது போனதும் மறுபடி தொடங்குவார்கள். பந்து யாருடைய வளவுக்குள்ளாவது விழுந்தால், கேட்கப் பயந்து கலைந்து போய்விடுவார்கள். பார்க்கப் பார்க்க மனம் உறுத்துகிறது. காரணம் இருக்கிறது.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது மைதானம் தேடி அலைந்ததில்லை. வெறுங்காணிகள் தாராளமாகக் கிடந்தன. பாலை மரத்தடியில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கல்லை வைத்து கோல் என்று சொல்லி, இருட்டும்வரை உதைபந்து ஆடினோம். அது யாருடைய காணி என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் புழங்கிய அந்த நிலத்தை எல்லோருக்கும் உரியதென்று எழுதிவைக்க, எங்கள் பெரியவர்களுக்கும் தோன்றவில்லை.

யுத்தம் வந்தது. ஓடினோம், திரும்பினோம். 2009இல் சண்டை ஓய்ந்தபின் காணி விலை ஏறியது. நாங்கள் விளையாடிய நிலமும் துண்டு துண்டாக விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு துண்டை மகளுக்காக வாங்கியவன் நான்தான். வரைபடத்தை மேசையில் விரித்தார்கள். பாதை எத்தனை அடி, கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் வருமா என்றெல்லாம் துருவிக் கேட்டேன். பிள்ளைகள் விளையாட இடம் எங்கே என்று மட்டும் கேட்கவில்லை.

கேட்பதற்கு விதியே இருந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, ஒரு ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால், பாதைகள் போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் தேவைக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கவேண்டியிருந்தது. ஆனால் பெரிய காணியைக் கொஞ்சம் கொஞ்சமாக, வெவ்வேறு காலத்தில் பிரித்தால், எந்தத் துண்டும் அந்த அளவை எட்டாது. இதெல்லாம் மகள் வீடு குடிபுகுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நகரத்துக்குள் ஏகாம்பரம் மைதானம் இருக்கிறது, மெக்கெய்சர் விளையாட்டரங்கு இருக்கிறது. வளர்ந்த பெடியள் சைக்கிளில் போய்விடுவார்கள். எட்டு வயதுப் பிள்ளை போகுமா? பொழுதுபடும் நேரத்தில் பெண்பிள்ளையை யார் அனுப்புவார்கள்? ஐந்து வயதுமுதல் பதினேழு வயதுவரையான பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது உடலை அசைத்து ஆடவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு மணித்தியாலம் கிடைக்க, இடம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கவேண்டும். காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வாகனம் உண்டு. கூலிவேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு ஒழுங்கைதான் உண்டு. ஆகவேதான் மைதானம் அமைத்துப் பராமரிப்பது பொதுப் பணத்தில் செய்யவேண்டிய வேலை என்கிறேன்.

பணம் வருவதே இல்லை என்று சொல்லமாட்டேன். நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழியாக வரும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி 1974இல் தொடங்கியது. அதில் கோல் கம்பம் வரும், சுற்றுமதில் வரும், பெயர்க்கல்லும் வரும். இவை மூலதனச் செலவு; ஒருநாள் விழாவோடு முடிந்துவிடும். புல் வெட்ட, மின்விளக்கு மாற்ற, மலசலகூடம் கழுவ ஆண்டுதோறும் காசு வேண்டும். அது மீண்டெழும் செலவு. அதற்குத் திறப்புவிழா இல்லை. கவனிப்பாரற்ற மைதானத்தில் முதலில் பற்றை வளரும், பிறகு குப்பை சேரும், அதன்பின் தாய்மார் பிள்ளைகளை அனுப்பப் பயப்படுவார்கள். கடைசியில், "ஒருவரும் பாவிக்காத நிலம்தானே" என்று வேறொன்றுக்குக் கேட்பார்கள். ஒரு மைதானம் இப்படித்தான் கையைவிட்டுப் போகிறது.

இளம் பெற்றோருக்கு இரண்டு விடயம் சொல்லவேண்டும். உள்ளூராட்சிச் சபை வரவுசெலவுத் திட்டம் போடும் காலத்தில் நாலு பேராகப் போங்கள். புதிய கட்டடம் கேட்குமுன், இருக்கும் இடத்தைப் பராமரிக்க ஆண்டுதோறும் ஒரு தொகை கேளுங்கள். சோலைவரி கட்டுகிறவர்கள் நீங்கள், தயங்கவேண்டாம்.

மற்றது, காணி வாங்கப் போனால் வரைபடத்தை நன்றாகப் பாருங்கள். காசு இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் வரும். வீடு எழும்பிய நிலம் திரும்பி வராது. அந்த மேசையருகே பிள்ளைகள் நிற்கமாட்டார்கள். அவர்களுக்காகக் கேட்கவேண்டியவன் அன்று நானாக இருந்தேன். இனி அது நீங்கள்.