நாலாவது கோலின் முதல் ஆள்

அன்புள்ள டோஸ்டாவ் அய்யாவுக்கு,

1970 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியில் இத்தாலிக்கு எதிராகப் பிரேசில் போட்ட நாலாவது கோலை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பேலே பந்தை உருட்டிவிட, கார்லோஸ் ஆல்பர்ட்டோ ஓடிவந்து அடித்த கோல். வெகுகாலம் அந்த இரண்டு பேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காட்சியை இன்னும் கொஞ்சம் முன்னாலிருந்து ஓட்டினேன். 86-வது நிமிடம். 3-1 என்று ஆட்டம் கையில் இருக்கிறது. அப்போதும் ஒருவர் இத்தாலி வீரரை விடாமல் துரத்தி, தன் பாதி மைதானத்துக்குள் இறங்கிவந்து பந்தைப் பறிக்கிறார். முதுகில் 9-ம் எண். கோல் அடிக்க வேண்டிய சென்டர் ஃபார்வர்டு, நீங்கள்! பந்து கால் மாறி, கால் மாறி பேலேயிடம் சேர்வதற்குள் எதிர்க்கோலின் முன்னால் போய் நிற்கிறீர்கள். அன்றிலிருந்து கால்பந்தை நான் பார்க்கும் விதமே மாறிப்போனது. அதற்கு முதல் நன்றி.

உங்கள் கண்ணைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். 1969-இல் கொரிந்தியன்ஸ் அணியுடன் ஆடியபோது பந்து இடது கண்ணில் பட்டு விழித்திரை விலகியது. ஹூஸ்டனில் அறுவை சிகிச்சை. ஓராண்டு முடிவதற்குள் மெக்சிகோவில் உலகக் கோப்பை! எத்தனை பயத்தை விழுங்கிக்கொண்டு களம் இறங்கியிருப்பீர்கள்? பேலேயும் நீங்களும் ஒரே இடத்து ஆட்டக்காரர்கள், சேர்ந்து ஆட முடியாது என்றார்கள். நீங்கள் முன்னால் போய் நின்று, தடுப்பாட்டக்காரர்களை உங்கள் பக்கம் இழுத்து, மற்றவர்களுக்கு வழிவிட்டீர்கள். அதே உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக இடப்பக்கம் மூன்று பேருக்கு நடுவே புகுந்து நீங்கள் அனுப்பிய பந்துதான் பேலே வழியாக ஜெயர்சின்யோவின் கோலானது. உலகக் கோப்பையில் வாங்கிய பதக்கத்தையும் கண்ணைக் காத்த மருத்துவருக்கே கொடுத்துவிட்டீர்கள்.

1966-இல் பேலேயின் சாண்டோஸ் அணியை 6-2 என்று வீழ்த்திய குருசேரோ அணியின் நாயகன் நீங்கள். 1973-இல், 26 வயதில், கண்ணுக்காக ஆட்டத்தை விட வேண்டியிருந்தது. அழுது புலம்பவில்லை. மருத்துவம் படித்தீர்கள், வைத்தியம் பார்த்தீர்கள், மாணவர்களுக்குப் பாடம் எடுத்தீர்கள். பல ஆண்டுகள் கழித்துப் பத்திரிகைப் பத்தியாளராகக் கால்பந்துக்குத் திரும்பினீர்கள். டோஸ்டாவ் என்றால் உங்கள் ஊரில் அந்தக் காலத்துச் சில்லறைக் காசாம். பெரிய பையன்களோடு ஆடிய குட்டிப் பையனுக்கு வைத்த பெயர். அந்தக் காசின் மதிப்பு எனக்குத் தெரியும் அய்யா.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் வாசகர்களே, அந்த நாலாவது கோலை அடுத்த முறை பார்க்கும்போது அரை நிமிடம் முன்னாலிருந்து ஓட்டிப் பாருங்கள்.


உங்கள் ரசிகன்